மூலைக்கொடிக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு மீட்டர்

சர்வதேச ஆட்டங்களுக்கான கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. 400 மீட்டர் ஓடுபாதைக்கும் வகுத்த அளவு உண்டு: இரு பக்கமும் 84.39 மீட்டர் நேர்ப்பாதை, இரு முனையிலும் 36.5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம். அந்தக் களத்தை இந்தப் பாதைக்குள் வரைந்து பார்த்தால் பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் இடம் கிடைக்கிறது. கோல் கம்பங்களுக்குப் பின்னால் 26 மீட்டர் தாராளமாகக் கிடக்கிறது. சிக்கல் நான்கு மூலைகளில்தான். வளைவு அங்கே உள்நோக்கித் திரும்பிவிடுவதால், மூலைக்கொடிக்கும் ஓடுபாதையின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவான இடமே எஞ்சுகிறது. கார்னர் அடிக்க வருகிறவர் நாலு எட்டு பின்வாங்கினால் ஓடுபாதையின் மேல் நிற்பார்.

கால்பந்துக்கும் தடகளத்துக்கும் சேர்த்து ஒரே அரங்கம் கட்டும் யோசனையின் வலிமையும் பலவீனமும் இந்த ஒரு மீட்டரில் அடங்கியிருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன, ஆனால் உரசிக்கொண்டே பொருந்துகின்றன. நகரங்களில் அந்த உரசல் எப்படித் தீர்க்கப்பட்டது என்று பார்த்தால், பெரும்பாலும் ஓடுகிறவர்கள்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், வெள்ளிமலை போன்ற ஓர் ஊரில், இதையே தலைகீழாகத் திருப்ப முடியும் என்று நான் நம்புகிறேன். பார்வையாளருக்காக எதுவும் கட்டத் தேவையில்லாத இடம் அது. ஓடுகிற பிள்ளைகளுக்காக மட்டும் ஒரு மைதானத்தை அங்கே யோசிக்கலாம்.

முதலில் நகரங்களின் கதை.

1908இல் லண்டன் ஒலிம்பிக்கிற்காகக் கட்டப்பட்ட ஒயிட் சிட்டி அரங்கத்தில் எல்லாவற்றையும் ஒரே வளையத்துக்குள் அடைத்தார்கள். வெளியே சைக்கிள் பாதை, அதனுள் மூன்று சுற்று ஓடினால் ஒரு மைல் வருகிற ஓடுபாதை, நடுப்புல்லில் கால்பந்து, அந்தப் புல்லின் ஓரத்திலேயே 100 மீட்டர் நீச்சல் குளம். ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து அனைத்தையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை அதில் தெரிகிறது. அடுத்த அரை நூற்றாண்டில் நீச்சல் வெளியேறியது, சைக்கிள் வெளியேறியது. கால்பந்தும் தடகளமும் மட்டும் சேர்ந்து தங்கின. ஓடுபாதைக்கு நடுவில் எப்படியும் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கும், கால்பந்துக்கு அந்த அளவு வெற்றிடம் தேவை என்கிற எளிய கணக்குதான் காரணம். 1972இல் மியூனிக் அரங்கம் இந்த ஏற்பாட்டின் உச்சம். ஒலிம்பிக் முடிந்த பிறகு பேயர்ன் மியூனிக் அணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் ஆடியது. பிறகு 2005இல், ஓடுபாதை இல்லாத தனி அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஏன் கிளம்பினார்கள்? பார்வைத் தூரம். களத்தின் மையப்புள்ளியிலிருந்து 90 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கைகள் இருந்தால்தான் ஆட்டம் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும் என்பது அரங்கக் கட்டுமானத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. எட்டு லேன் ஓடுபாதை உள்ள அரங்கில், கோலுக்குப் பின்னால் உட்காருகிறவரின் முதல் வரிசையே மையத்திலிருந்து கிட்டத்தட்ட 88 மீட்டரில்தான் தொடங்க முடியும். அதாவது நல்ல இருக்கைகள் இருக்க வேண்டிய வட்டம் முதல் வரிசையோடு முடிந்துபோகிறது. அவருக்கு எதிர்முனைக் கோல் ஒரு பொட்டுபோலத் தெரியும்.

இத்தாலியின் தூரின் நகரம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1990 உலகக் கோப்பைக்காக அங்கே தெல்லே ஆல்பி என்ற அரங்கத்தை ஓடுபாதையுடன் கட்டினார்கள். ஏறத்தாழ 69,000 பேர் அமரலாம். ரசிகர்கள் அந்த இடைவெளியை ஒருநாளும் ஏற்கவில்லை, இருக்கைகள் காலியாகவே கிடந்தன. 2006இல் யுவென்டஸ் அணி வெளியேறியது, 2009இல் அரங்கம் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2011இல் எழுந்த புதிய அரங்கம் 41,000 பேருக்கானது, ஓடுபாதை கிடையாது. பாரிஸ்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1998இல் திறந்த ஸ்டாட் தெ பிரான்ஸில் கீழடுக்கின் 25,000 இருக்கைகளைப் பின்னால் நகர்த்தி ஓடுபாதையை வெளிக்கொண்டுவரலாம். லண்டனின் 2012 ஒலிம்பிக் அரங்கத்திலும் இருக்கைகள் நகர்கின்றன. வெஸ்ட் ஹாம் அணி அங்கே ஆடத் தொடங்கிய பிறகு, அப்படி நகர்த்துவதற்கு மட்டும் ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு செலவாகிறது. பணம் இருந்தால் உரசலைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

உரசல் பார்வையாளரோடு நிற்பதில்லை. ஆண்களுக்கான சங்கிலிக்குண்டின் எடை 7.26 கிலோ. அது விழுகிற இடத்தில் புல் பெயர்ந்து குழி விழும். வட்டும் ஈட்டியும் அப்படியே. அன்று மாலையே அதே புல்லில் தொழில்முறை அணி ஆட வேண்டுமானால், எறிதல் வீரர்களைக் களத்துக்குள் விட யாருக்கும் மனம் வராது. ஆகவே பல அரங்கங்களில் எறிதல் பயிற்சி முதலில் வேலிக்கு வெளியே போகிறது. அடுத்தது நேரம். ஆட்டம் நடக்கும் நாளில் விளம்பரப் பலகைகள், கேமரா வண்டிகள், மின்கம்பிகள் எல்லாம் ஓடுபாதையின் மேல்தான் வந்து உட்காரும். 13 மில்லிமீட்டர் தடிமனே கொண்ட அந்தச் செயற்கைப் பரப்பு ஸ்பைக்ஸ் காலணிக்காகச் செய்யப்பட்டது, சக்கரங்களுக்காக அல்ல.

பெங்களூரு கண்டீரவா அரங்கம் இந்தச் சண்டையின் இந்தியக் களம். பெங்களூரு எஃப்சி அணி அங்கே ஆட வந்த பிறகு, பயிற்சி நேரம் பறிபோகிறது என்று தடகளப் பயிற்சியாளர்கள் கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. மாலையில் பல்லாயிரம் பேர் வந்து கூச்சலிடும் ஆட்டம் ஒருபக்கம், விடியற்காலையில் சில நூறு பேர் சத்தமில்லாமல் வந்துபோகும் பயிற்சி மறுபக்கம். முதலாவது செய்தித்தாளில் வரும், இரண்டாவது வராது. டெல்லியில் 2022 மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். தியாகராஜ் அரங்கத்தில் மாலை ஏழு மணிக்கெல்லாம் வீரர்களை வெளியேற்றினார்கள். ஓர் உயர் அதிகாரி தன் நாயோடு நடப்பதற்காகத்தான் அது என்று செய்தி வெளியாகி நாடே கொதித்தது. அதன் பிறகு டெல்லி அரசு தன் அரங்கங்களை இரவு பத்து மணி வரை திறந்துவைக்க உத்தரவிட்டது. ஓர் அரங்கத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதைச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் சொல்லும்.

தமிழ்நாட்டில் இந்த வகை அரங்கத்துக்கு முதல் எடுத்துக்காட்டு சென்னை பெரியமேட்டின் நேரு விளையாட்டரங்கம். அந்த மண் பல பிறவி எடுத்தது. மாநகராட்சி ஸ்டேடியம் என்ற பெயரில் இருந்தபோது அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இந்த மைதானத்தில்தான். அந்த உலக சாதனை 2008 வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்தது. 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான தொடரை இந்தியா முதன்முறையாக வென்றதும் இங்கேதான். பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப்போனது.

1993இல் அதே இடத்தில், ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில், 40,000 பேர் அமரும் புதிய அரங்கம் எழுந்தது. அந்த ஆண்டே நேரு கோப்பைக் கால்பந்து அங்கே நடந்தது. 1995 டிசம்பரில் ஏழாவது தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தன. அரங்கம் எழுவதற்கு முந்தைய ஆண்டு, 1992இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவாகியிருந்தது. அதன் தலைமையகமும் இந்த வளாகமே. 2013இல் ஆசியத் தடகளப் போட்டிகள் இங்கே நடந்திருக்க வேண்டும். இலங்கை பங்கேற்பதால் நடத்த முடியாது என்று அப்போதைய மாநில அரசு அறிவித்தது, போட்டிகள் புனேவுக்குப் போயின. அந்த முடிவின் அரசியல் காரணத்தை இங்கே வாதிக்கப் போவதில்லை. ஆனால் ஆசியாவின் சிறந்த ஓட்டக்காரர்களை நேரில் பார்க்கிற வாய்ப்பு ஒரு தலைமுறைத் தமிழகப் பிள்ளைகளுக்குத் தவறிப்போனது, அது இழப்புதான்.

2014 முதல் இது சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் சொந்த மைதானம். அந்த அணி 2015லும் 2017-18லும் பட்டம் வென்றது. 2015 டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் மூழ்கியபோது, அணி தன் அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் போய் ஆட நேர்ந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். தடகளமும் இந்த அரங்கத்தைவிட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. 2024 செப்டம்பரில் தெற்காசிய இளையோர் தடகளப் போட்டிகள் இங்கே நடந்தன. நேரு அரங்கத்தை நான் குறைசொல்லவில்லை. தலைநகருக்கு அப்படியொன்று வேண்டும். பெரிய மேடை இருந்தால்தான் பெரிய போட்டி வரும். என் கேள்வி வேறு: இந்த மாதிரியைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி மாவட்டந்தோறும் வட்டந்தோறும் கொண்டுபோனால், கடைசியில் மலைக்கு வந்து சேர்வது என்ன?

வெள்ளிமலைக்கு மைதானம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை மாவட்டங்களின் வரலாற்றை வைத்தே அளந்துவிடலாம். 1993 வரை இந்த மலை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகரம் வங்கக் கடலோரத்துக் கடலூர். அந்த ஆண்டு செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டமானது. சென்னையில் 40,000 இருக்கைகள் எழுந்த அதே ஆண்டு. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. தலைநகரம் கடற்கரையிலிருந்து சமவெளிக்கும், சமவெளியிலிருந்து மலையடிவாரத்துக்கும் கால் நூற்றாண்டில் நகர்ந்து வந்திருக்கிறது. மலைக்கு மேலே இன்னும் ஏறவில்லை.

இதற்கும் முன்பு, 1976 வரை, இந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். நாடு விடுதலையாகிக் கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகே அரசின் நேரடி நிர்வாகம் இங்கே வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே அந்தத் தாமதத்தின் பிறகு தொடங்கியவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாராயச் செய்தியாக மட்டுமே இந்த மலையின் பெயர் வெளியுலகுக்குப் போய்க்கொண்டிருந்தது அவமானம். சாலையும் மருத்துவமும் முதலில் வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மைதானத்தைக் கடைசியில் வருகிற ஆடம்பரமாகப் பார்க்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், விளையாட்டு இங்கே வேலைவாய்ப்போடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் சேரவும் காவல்துறைத் தேர்வில் முந்தவும் தடகளச் சான்றிதழ் கைகொடுக்கிறது. கேரளத்துத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் குடியரசு தினத் தடகளப் போட்டிகளில் முதலில் குறுவட்டம், பிறகு வருவாய் மாவட்டம், அதன்பின் மாநிலம். மலைப் பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கு முதல் படியிலேயே ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. அவள் பள்ளி வளாகத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட, வளைவு சரியாக அளக்காத, ஒருபக்கம் சரிந்த பாதையில் ஓடிப் பழகியிருப்பாள். போட்டி மைதானத்துக்குப் போனால் எட்டு லேன், படிநிலையாகத் தள்ளித் தள்ளி வைத்த தொடக்கக் கோடுகள். எட்டாவது லேனில் ஒரு சுற்றுக்கு 453 மீட்டர் வருவதால், அங்கே நிற்பவர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நிறுத்தப்படுவார். இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமல் முதல்முறை பார்க்கிற பிள்ளைக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். வளைவில் உடலை எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே வேகத்தைச் சேமிப்பது, தொடர் ஓட்டத்தில் குச்சியை எந்தக் கோட்டுக்குள் கைமாற்றுவது என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. கால் பழக வேண்டும்.

மலையில் வளர்ந்தவர்கள் இயல்பிலேயே நன்றாக ஓடுவார்கள், அவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று சமவெளியில் பேசுவதைக் கேட்டிருப்போம். அந்தப் பேச்சு பாராட்டு போலத் தோன்றினாலும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கான சாக்கு. கென்யாவின் இட்டன் ஊர் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தின் மெல்லிய காற்று உடலில் மாற்றம் செய்யும். கல்வராயன் மலையின் உயரம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே உயரத்தை நம்பி உட்கார முடியாது. இட்டனிடம் கற்க வேண்டியது வேறு. அங்கே உலக சாம்பியன்கள் பழகிய கமரினி மைதானம் வெறும் மண் பாதையாக இருந்தது. அதை நவீனமாக்குகிறோம் என்று சில ஆண்டுகளுக்கு முன் தோண்டினார்கள். வேலை பாதியில் நின்றுபோய், இருந்த மண் பாதையும் ஓட்டக்காரர்களுக்கு இல்லாமல் போனது. பெரிய திட்டம் சின்ன வசதியை விழுங்கிவிட்டது.

தூரம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய ரேவதி வீரமணி மதுரைக்குப் பக்கத்துச் சக்கிமங்கலத்துக்காரர், பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர், தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குத் தினமும் போய்வர ஆகும் பேருந்துக் கட்டணமே அந்தக் குடும்பத்துக்குத் தடையாக நின்றது. பயிற்சியாளர் கண்ணன் முயற்சி எடுத்துக் கல்லூரியில் இடமும் விடுதியும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பாதை திறந்தது. நகர எல்லையில் இருக்கிற ஊருக்கே அந்தக் கதி. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில், பள்ளி முடிந்து மாலையில் பயிற்சிக்குக் கீழே இறங்கி இரவில் மேலே ஏறு என்று எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்?

ஆனால் கல்வராயன் மலைக்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையெங்கும் உள்ளன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். ரேவதிக்குப் பெரும்பாடுபட்டுக் கிடைத்த விடுதி, இங்கே பலருக்கு ஆறாம் வகுப்பிலேயே கிடைத்துவிடுகிறது. காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நிற்க யாரும் பேருந்து ஏறத் தேவையில்லை. தங்குமிடம், உணவு, ஆசிரியர் என்ற மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கடலூர் காட்டியது. 2004 ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகள் அங்கே அரசு இல்லத்தில் தங்கினார்கள். பயிற்சியாளர் மாரியப்பன் அவர்களை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப்போய்க் கால்பந்து கற்றுக்கொடுத்தார். இந்திய அணிக்காக நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனும் கடலூரில் உருவானவர். 2018இல் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரைத் தோற்கடித்து முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. அந்த எழுச்சியில் கடலூருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் கல்வராயன் மலையும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டத்தை மாநில அரசு அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று நடைமுறைப்படுத்தி வருகிறது. நல்ல திட்டம். ஆனால் கல்வராயன் மலை சங்கராபுரம் தொகுதியோடு சேர்ந்தது. தொகுதிக்கு ஒன்று என்றால், மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்தே ஒன்று. வாக்காளர் எண்ணிக்கையும் போக்குவரத்தும் பார்த்து இடம் தேர்ந்தால் அது எங்கே அமையும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலைப்பகுதிகளுக்குத் தனி அலகு வேண்டும்.

இனி நிலம். வாதத்தின் கடினமான பகுதி இதுதான். எட்டு லேன் கொண்ட 400 மீட்டர் பாதை மட்டும் 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் பிடிக்கும். பரப்பு 1.64 ஹெக்டேர், நாலு ஏக்கருக்குச் சற்று மேல். இது காலரியோ கட்டடமோ இல்லாமல். மலையில் நாலு ஏக்கர் சமநிலம் என்றால் அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சாமைக் கொல்லை அல்லது மரவள்ளிக் கொல்லை. பிள்ளைகளின் மைதானத்துக்காக ஒரு குடும்பத்தின் சோற்றைப் பிடுங்குவது ஒப்புக்கொள்ள முடியாத காரியம். சரிவு நிலத்தை வெட்டிச் சமன்செய்யலாம் என்றால் கணக்கு பயமுறுத்துகிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற மிதமான சரிவில்கூட, 93 மீட்டர் அகலத்துக்கு மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்பது மீட்டருக்கு மேல் வேறுபடும். ஏறத்தாழ 19,000 கனமீட்டர் மண்ணை வெட்டி மறுபக்கம் நிரப்ப வேண்டும். அந்த நிரப்பு மண் ஓர் ஐப்பசி மழையில் இறங்கிவிட்டால் கீழே இருக்கிற வயலுக்கும் வீட்டுக்கும் யார் பொறுப்பு?

மீதி நிலம் காடு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருத்துவமனை, சாலை, குடிநீர் போன்ற பதின்மூன்று வகைப் பொது வசதிகளுக்காகக் காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்த எளிய வழி தருகிறது. இரண்டு நிபந்தனைகள்: ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. அந்தப் பதின்மூன்றில் விளையாட்டு மைதானம் தனியாக இடம்பெறவில்லை. பள்ளி இடம்பெற்றிருக்கிறது. ஆக, 400 மீட்டர் பாதை என்று கேட்டால் அது ஒரு ஹெக்டேரைத் தாண்டும், எளிய வழி அடைபடும், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீண்ட அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பள்ளியோடு சேர்ந்த மைதானம் என்று, ஒரு ஹெக்டேருக்குள் கேட்டால் வாதிட இடமிருக்கிறது.

ஒரு ஹெக்டேருக்குள் என்ன அடங்கும்? 27 மீட்டர் ஆரத்தில் வளைவும் 64 மீட்டரில் நேர்ப்பாதையும் வைத்தால் ஏறத்தாழ 300 மீட்டர் பாதை வருகிறது. நான்கு லேன் போட்டால் மொத்த இடம் 128 மீட்டருக்கு 64 மீட்டர். அதாவது 0.82 ஹெக்டேர். நேர்ப்பாதையின் கோட்டை இரு பக்கமும் செவ்வகத்தின் விளிம்பு வரை நீட்டினால், தொடக்கத்துக்கு 3 மீட்டரும் ஓடி நிற்க 17 மீட்டரும் விட்டு முழு 100 மீட்டர் ஓட்டத்துக்கு இடம் இருக்கிறது. நடுவில் 80க்கு 50 மீட்டர் கால்பந்துக் களம் வளைவைத் தொடாமல் உட்காருகிறது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆட அது போதும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினொரு பேர் ஆட்டத்தைவிட அதில் பந்து காலுக்கு அதிகம் கிடைக்கும். அதே சரிவில் வெட்ட வேண்டிய மண் 6,500 கனமீட்டர், முன்சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. குறை இல்லாமல் இல்லை. வளைவு இறுக்கமாக இருக்கும், வேகமாக ஓடுகிற பெரிய பிள்ளைகளுக்கு அது உறுத்தும். அங்கே ஓடிய நேரத்தைச் சாதனையாகப் பதிவுசெய்ய முடியாது. ஆனால் சாதனை பதிவுசெய்யக் கள்ளக்குறிச்சிக்கோ சென்னைக்கோ போய்க்கொள்ளலாம். தினமும் பழக வெள்ளிமலையில் இடம் வேண்டும், அதற்கு 300 மீட்டர் போதும்.

பரப்பு என்னவாக இருக்க வேண்டும் என்பதிலும் நான் மண்ணின் பக்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த ஒலிம்பிக் தடகளம் எதிலும் செயற்கைப் பாதை இருந்ததில்லை. 1960 ரோமில் மில்கா சிங் நான்காவதாக வந்த 400 மீட்டர் ஓட்டம் கரித்தூள் பாதையில் நடந்தது. செயற்கை இழைப் பாதை போட இன்று சில கோடி ரூபாய் ஆகும், ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பிக்க மறுபடி கோடிக்கணக்கில் ஆகும். முதல் தடவைக்குப் பணம் ஒதுக்குவார்கள், திறப்பு விழா நடக்கும். இரண்டாவது தடவைக்கு யார் ஒதுக்குவார்கள்? வெடித்துப் பெயர்ந்த செயற்கைப் பாதையில் ஓடுவதைவிட நன்றாக உருட்டிய மண் பாதையில் ஓடுவது காலுக்கு நல்லது. செங்கல் தூளும் மணலும் செம்மண்ணும் கலந்து, கீழே சல்லி அடுக்கி, உள்பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு வைத்தால் மழைநீர் வடிந்துவிடும். அந்த அளவு சர்வதேச விதிக்கும் உட்பட்டதுதான். உடைந்தால் உள்ளூர்க்காரர்களே செப்பனிடலாம், அதற்கு ஊரக வேலைத் திட்ட ஆட்கள்கூடப் போதும்.

காலரி வேண்டாம். சரிவை வெட்டும்போது மேல்பக்கம் தானாக ஒரு கரை உருவாகும். அதில் புல்லை வளரவிட்டு, படியாகக் கல்லை அடுக்கினால் மாரியம்மன் திருவிழாக் காலத்தில் ஊரே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம். அந்தக் காலரிப் பணத்தில் ஒரு முழுநேரத் தடகளப் பயிற்சியாளரின் பல ஆண்டுச் சம்பளம் அடங்கும். பெரும்பாலான மைதானங்கள் செத்துப்போவது இங்கேதான். கட்டடத்துக்கு ஒரே தடவை பணம் கேட்பது எளிது, ஆளுக்கு மாதாமாதம் பணம் கேட்பது கடினம். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே பல வகுப்புகளுக்கும் பல விளையாட்டுகளுக்கும் பொறுப்பாக இருக்கையில், அவரிடம் ஈட்டி எறிதலையும் தடை தாண்டுதலையும் நுட்பமாகச் சொல்லித்தரும்படி எதிர்பார்ப்பது அநியாயம். பயிற்சியாளருக்கு மலையிலேயே குடியிருப்பு வேண்டும். அடிவாரத்திலிருந்து வந்துபோகிறவர் மழைக்காலத்தில் வரமாட்டார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பெண்பிள்ளைகளுக்கு இரண்டு விஷயங்கள் கூடுதலாக வேண்டும், இரண்டும் மலிவானவை: தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிவறையும் உடைமாற்றும் அறையும், இருட்டுவதற்குள் பயிற்சி முடிகிற நேர அட்டவணையும். விளக்குக் கம்பங்களைவிட இவைதான் முதலில் வரவேண்டும்.

எறிதலுக்கும் இடம் ஒதுக்குவது அவசியம். 0.82 ஹெக்டேர் போக ஒரு ஹெக்டேர் வரம்புக்குள் மிஞ்சுவது 1,800 சதுர மீட்டருக்குக் கீழே. அதில் குண்டு எறிதலுக்கு ஒரு வட்டமும் நீளம் தாண்டுதலுக்கு ஒரு மணற்குழியும் அமையும். ஈட்டிக்கும் வட்டுக்கும் அது போதாது. அவற்றை நடுப்புல்லில் வைத்துக்கொள்ளலாம், கால்பந்துக்கு ஒரு நாள், எறிதலுக்கு ஒரு நாள் என்று வாரத்தைப் பிரித்துக்கொண்டு. டிவிக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய புல் இங்கே இல்லை. குழி விழுந்தால் மறுநாள் காலை பிள்ளைகளே மண் போட்டு மிதித்துவிடுவார்கள். நகர அரங்கங்களில் தீராத உரசல் இங்கே ஒரு கால அட்டவணையில் தீர்ந்துவிடும்.

மீதம் இருப்பது சாவி. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வைத்தால் அலுவலகம் மலைக்குக் கீழே இருக்கும். பள்ளியின் கையில் மட்டும் வைத்தால், பள்ளியைவிட்டு நின்றுபோன பிள்ளைகளுக்கும் காவல்துறைத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கும் கதவு மூடும். ஊராட்சி, பள்ளி, பயிற்சியாளர் மூவரும் சேர்ந்த ஒரு குழுவிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும். நிலத்துக்குப் பரிந்துரை செய்யும் அதிகாரம் சட்டப்படி அந்தக் கிராம சபைக்குத்தான் இருக்கிறது. நிலம் தரும் தீர்மானத்திலேயே, காலை ஐந்து முதல் எட்டு வரையும் மாலை நான்கு முதல் ஆறரை வரையும் வேறு எந்த நிகழ்ச்சிக்கும் மைதானத்தை விடுவதில்லை என்ற வரியையும் அது சேர்த்துக்கொள்ளலாம்.